இலை மஞ்சளாகட்டும்

யோன்காவோடு நடக்கப் போனால் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆகும். நான் விறுவிறுவென்று நடக்கிற ஆள். முப்பத்தொரு வருடம் டான்யூப் ஆற்றங்கரையில் உள்ள விதின் துறைமுகத்தில் கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்தே கிடந்தவன். ஓய்வு பெற்ற பிறகு கால்களைச் சும்மா வைத்திருக்க எனக்கு மனம் வராது. அவளோ பத்தடிக்கு ஒரு முறை நின்றுவிடுவாள். கழுத்தில் தொங்கும் கேமராவைத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, காய்ந்த இலையையோ உடைந்த ஜன்னலையோ ஐந்து நிமிடம் பார்ப்பாள். பிறகு எடுக்காமலே கீழே இறக்கிவிடுவாள்.

“எடுக்கப் போறியா, இல்லையா?”

“வெளிச்சம் வரட்டும்.”

“வெளிச்சம் வர்றதுக்குள்ள நான் செத்துருவேன்.”

“செத்தா உன்னையும் எடுக்கிறேன். அப்பவாவது ஆடாம அசையாம இருப்ப.”

எட்டு வருடம் இப்படித்தான் போயிற்று. எட்டு இலையுதிர் காலம் என்று சொன்னால்தான் சரி. கோடையில் டான்யூப் கரைப் பக்கம் போனால் கொசு ஆளையே தூக்கிக்கொண்டு போய்விடும். குளிர்காலத்தில் மூடுபனி, எதிர்க்கரையில் ருமேனியா இருக்கிறது என்பதே வதந்தி மாதிரி ஆகிவிடும். எங்கள் ஊரில் நடப்பதற்கென்று கடவுள் ஒதுக்கியது செப்டம்பர் பாதியிலிருந்து நவம்பர் பாதி வரைதான். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அவளுடைய குடியிருப்பின் கீழே நின்று விசில் அடிப்பேன். மூன்றாவது மாடியிலிருந்து “வர்றேன், வர்றேன், ஊரைக் கூட்டாத” என்று குரல் வரும். சூரியகாந்தி விதை ஒரு பொட்டலம் வாங்கி, கொறித்துத் துப்பியபடி ஆற்றங்கரைப் பூங்கா வழியாகப் பழைய கோட்டை வரை போவோம். திரும்பும் வழியில் படகுத்துறைப் பக்கத்து பெஞ்சில், வால்நட் மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்காருவோம். அந்த மாதங்களில் எல்லா பால்கனியிலும் குடமிளகாய் சுடுவார்கள். அந்த வாசனை கோட் துணியில் ஏறி வீடு வரைக்கும் கூடவே வரும்.

நாங்கள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவள் கணவனை இழந்தவள், நான் மனைவியை இழந்தவன். அறுபதைத் தாண்டிய பிறகு பதிவாளர் முன்னால் நின்று மோதிரம் மாற்ற இரண்டு பேருக்கும் கூச்சமாக இருந்தது. அவள் வீடு அவளுக்கு, என் வீடு எனக்கு, ஞாயிறு இருவருக்கும்.

வழி நெடுக அஞ்சலித் தாள்கள் இருக்கும். ஒருவர் செத்தால் படத்தோடு ஒரு தாள் அடித்து வீட்டுக் கதவில், மின்கம்பத்தில், மரத்தில், பஸ் நிறுத்தத்தில் ஒட்டுவது எங்கள் வழக்கம். நாற்பதாம் நாள் இன்னொன்று, ஆறாம் மாதம் ஒன்று, வருடம் திரும்பினால் ஒன்று. யாரும் கிழிக்க மாட்டார்கள். மழையும் காற்றும் பார்த்து எடுத்துக்கொண்டால்தான் உண்டு. பிள்ளைகள் எல்லாம் ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்ட பிறகு, தெருவில் எதிர்ப்படுகிறவர்களைவிடக் கம்பத்தில் இருக்கிறவர்கள்தான் அதிகம். யோன்கா ஒவ்வொரு தாளின் முன்னாலும் நிற்பாள். பேரைப் படிக்க மாட்டாள், படத்தைப் பார்ப்பாள். பள்ளிக்கூடத்தில் போடுகிற மாதிரி மார்க் போடுவாள். எங்கள் பள்ளிக்கூடங்களில் இரண்டு என்றால் பெயில், ஆறு என்றால் உச்சம்.

“இவருக்கு ரெண்டு. அடையாள அட்டைப் படம். திருடிட்டு மாட்டின ஆள் மாதிரி இருக்காரு.”

“அவரு போலீஸ்காரரா இருந்தவரு.”

“சரி, மூணு. இங்க வா, இந்தம்மாவைப் பாரு. தோள்ல யாரோட கை? கல்யாண வீட்டுப் படத்துல இருந்து வெட்டியிருக்காங்க. செத்த பிறகும் யாரோ விடாம பிடிச்சிக்கிட்டே இருக்காங்க. இவங்களுக்கு அஞ்சு.”

எட்டு வருடத்தில் அவளிடம் ஆறு வாங்கியவர்கள் மூன்றே பேர்.

அவளுக்கு ஏன் இந்தப் பித்து என்று எனக்குத் தெரியும். அவள் கணவன் மெத்தோதி இறந்து மூன்றாம் நாள், கல்லறைக் கல் செதுக்குகிறவன் இரண்டு பேர் படத்தையும் கேட்டிருக்கிறான். அதுவும் வழக்கம்தான். ஒருவர் போனால் மற்றவரின் முகத்தையும் அதே கல்லில் பதித்துவிடுவார்கள்; பிறந்த வருடத்தைப் போட்டு, ஒரு கோடு இழுத்து, அதற்குப் பிறகு உள்ள இடத்தைக் காலியாக விடுவார்கள். யோன்கா அழுது வீங்கிய கண்ணோடு ஸ்டுடியோவுக்குப் போய் உட்கார்ந்தாள். அந்த முகத்தைப் பீங்கானில் சுட்டு, மெத்தோதிக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள். ஒரு மாதம் கழித்துக் கல்லைப் பார்க்கப் போனவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதினாறு வருடமாக அந்த முகம் அங்கே அழுதுகொண்டிருக்கிறது. கேமரா வாங்கியதே அதற்குப் பிறகுதான்.

என் முகமும் கல்லில்தான் இருக்கிறது. அதே கல்லறைத் தோட்டத்தில், நாலு வரிசை தள்ளி, என் மனைவி ஸ்பாஸ்காவுக்குப் பக்கத்தில். துறைமுக அட்டையிலிருந்த படத்தைக் கொடுத்தேன். யோன்கா அதற்கு ஒன்றரை மார்க் போட்டாள். பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு மார்க்கே கிடையாது. இரண்டு பேருக்கும் போகிற இடம் முன்பே முடிவாகிவிட்டது, அதனால் அதைப் பற்றி எங்களுக்குள் பேச்சே வந்ததில்லை.

போன ஆகஸ்டில் அவளுக்கு வயிற்று வலி வந்தது. தலைநகர் சோபியாவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கணையத்தில் புற்று என்றாள். மருத்துவர் சொன்னதைச் சந்தைக்குப் போய்வந்த சேதி மாதிரி சொன்னாள்: அறுவைக்கு நேரம் தாண்டிவிட்டது, கிறிஸ்துமஸைப் பார்ப்பது சந்தேகம். நான் எழுந்து போய் அவள் சமையலறைக் குழாயைப் பழுது பார்த்தேன். அது ஒழுகவே இல்லை.

அக்டோபர் இரண்டாம் ஞாயிறு. நல்ல வெயில். படகுத்துறை பெஞ்சில் நான் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அவள் எனக்கு எதிரே, கரையோரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றி என் மடியில் வைத்தாள்.

“என்னை ஒண்ணு எடு.”

எட்டு வருடத்தில் அவள் அப்படிக் கேட்டதில்லை. நான் கேமராவைத் தூக்கினாலே கையால் முகத்தை மறைத்துக்கொள்வாள். கல்லில் பார்த்த முகம் மறுபடி வந்துவிடுமோ என்ற பயம்.

“எதுக்கு?”

“எதுக்குன்னு உனக்குத் தெரியும். என் பையன் பிளாமென்கிட்ட ஒரே படம்தான் இருக்கு, கல்லுல இருக்கிறது. ஸ்டுட்கார்ட்ல இருந்து வருவான், நேரா அதைக் கொண்டுபோய்க் கடையில குடுத்துருவான். ஊர் முழுக்க அழுத மூஞ்சியோட நான் தொங்கணுமா?”

“யோன்கா, இப்ப எதுக்கு இந்தப் பேச்சு…”

“கல்லுல இருக்கிறதை மாத்த முடியாது. அங்க நான் மெத்தோதிக்காக அழுதது. அது அவருக்கு, இருக்கட்டும். தாள்ல இருக்கிற மூஞ்சி உன்னைப் பார்த்துச் சிரிச்சதா இருக்கணும். எனக்கு ஒரு ஆறு வேணும், லோசான். நீதான் எடுக்கணும்.”

அந்தச் சின்னக் கறுப்புப் பெட்டி மடியில் கிரேன் கொக்கி மாதிரி கனத்தது. என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன் என்று நினைக்கிறேன். பயந்த நேரத்தில்தான் எனக்குச் சிரிப்பு நன்றாக வரும்.

“அதுக்கு என்ன அவசரம்? இலை இன்னும் பச்சையாத்தான இருக்கு. மஞ்சளாகட்டும், எடுக்கிறேன். பின்னால கலர் இருந்தா உனக்கு எடுப்பா இருக்கும்.”

அவள் என் தலைக்கு மேலே ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்து வந்து கேமராவை எடுத்துக்கொண்டு, இரண்டடி பின்னால் போய், என்னை ஒரு படம் எடுத்தாள். வெளிச்சத்துக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

“விதைப் பொட்டலத்தைக் குடு,” என்றாள்.

அடுத்த ஞாயிறு, வானம் மூடியிருக்கிறது என்றேன். அதற்கடுத்த ஞாயிறு அவளுடைய கழுத்துத் துண்டின் நிறம் சரியில்லை என்றேன். அவள் அதைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்படியென்றால் குளிரும், போட்டுக்கொள், வேறொரு நாள் பார்க்கலாம் என்றேன். வாரத்துக்கு வாரம் அவள் கோட் பெரிதாகிக்கொண்டே போனது. கோட்டை வரை போனவர்கள் பூங்காவின் பாதியிலேயே திரும்பினோம்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. படம் இல்லாமல் தாள் அடிக்க முடியாது. தாள் இல்லாமல் எங்கள் ஊரில் யார் சாகிறார்கள்? நான் எடுக்காத வரை அவள் இருப்பாள். அறுபத்தெட்டு வயது ஆண்பிள்ளையின் மண்டைக்குள் ஓடியது இவ்வளவுதான்.

அக்டோபர் கடைசி ஞாயிறு அவள் மறுபடி கேட்டபோது நான் கத்திவிட்டேன்.

“நான் என்ன சாவு வீட்டு போட்டோகிராஃபரா? வாரா வாரம் இதே பேச்சு! உன் மகனைக் கூப்பிட்டு எடுத்துக்கச் சொல்லு!”

கரையில் தூண்டில் போட்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“மெதுவாப் பேசு,” என்றாள் யோன்கா. “அவங்க மீனெல்லாம் ருமேனியாவுக்கு ஓடுது.”

திரும்பி நடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆசைக்குப் பிடித்தது இல்லை, விழாமல் இருக்கப் பிடித்தது. அவள் மூச்சு வாங்குவது என் தோளில் கேட்டது. நான் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

நவம்பர் முதல் சனிக்கிழமை இறந்தவர்களின் நாள் வந்தது. வேகவைத்த கோதுமையில் சர்க்கரை தூவி எடுத்துக்கொண்டு, ஒயின் பாட்டிலோடு ஸ்பாஸ்காவின் கல்லுக்குப் போனேன். யோன்காவால் அன்று படி இறங்க முடியவில்லை. ஒயினை ஊற்றிவிட்டு நிமிர்ந்தால் என் முகம் என்னைப் பார்த்தது. திருடிவிட்டு மாட்டிய முகம். நாளைக்கே நான் செத்தாலும் இதைத்தான் கம்பத்தில் ஒட்டுவார்கள், இவன் எப்படிப்பட்டவன் என்று யாருக்கும் தெரியாது என்று தோன்றியது. நாலு வரிசை நடந்து மெத்தோதியின் கல்லுக்குப் போனேன். அந்த வீங்கிய கண்கள். நான் ஒரு நாளும் பார்த்திராத யோன்கா அது. கோதுமையை அங்கேயும் கொஞ்சம் வைத்துவிட்டு, அங்கேயே நின்று முடிவு செய்தேன். நாளைக்கு எடுத்துவிட வேண்டும்.

மறுநாள் விசில் அடித்தேன். பதில் வரவில்லை. மேலே போய் அவளைத் தாங்கிப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறக்கிக் கூட்டிவந்தேன். பூங்காவின் முதல் பெஞ்சு வரைதான் போக முடிந்தது. இரண்டு நாளாக ஆற்றுக் காற்று அடித்திருந்தது. மரங்களில் ஓர் இலைகூட இல்லை. கீழே கிடந்ததெல்லாம் மழையில் ஊறிக் கறுத்துப் போயிருந்தது.

“இன்னிக்கு எடுக்கிறேன்,” என்றேன்.

அவள் பையிலிருந்து உதட்டுச் சாயத்தை எடுத்துக் கண்ணாடி இல்லாமலே பூசிக்கொண்டாள். ஓரத்தில் கொஞ்சம் இழுபட்டது. நான் கைக்குட்டையால் துடைத்துவிட்டேன்.

“சரியா இருக்கேனா?”

“ராணி மாதிரி இருக்க.”

கேமராவைக் கண்ணில் வைத்தேன். எட்டு வருடம் அவள் பார்த்த துளை வழியாக முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தேன். கன்னம் உள்ளே போயிருந்தது. தோல் மஞ்சள், கண்ணின் வெள்ளையும் மஞ்சள். அவள் சிரிக்க முயன்றாள். உதடு விரிந்தது, ஆனால் அந்த நேரம் பார்த்து வலி வந்திருக்க வேண்டும், கண் இடுங்கி நீர் கோத்துக்கொண்டது. நான் அமுக்கிவிட்டேன்.

கையை நீட்டினாள். கொடுத்தேன். சின்னத் திரையை முகத்துக்கு நேராகப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

“என்ன மார்க்?” என்றேன், முட்டாள்.

“அழிச்சிரு, லோசான்.”

“நல்லாத்தான் இருக்கு…”

“உனக்குப் பொய் சொல்ல வராது. கல்லுல இருக்கிறதாவது கொஞ்ச வயசு. இதை அழி.”

எந்தப் பொத்தான் என்று எனக்குத் தெரியவில்லை. என் கட்டைவிரலைப் பிடித்து நகர்த்தினாள். “வலது பக்கம். குப்பைத்தொட்டி போட்டிருக்கு பாரு. ஆங், அதான். ரெண்டு தடவை அமுக்கு.”

இரண்டு தடவை அமுக்கினேன். அதற்கு முன் எடுத்த படம் திரையில் வந்தது. ஏதோ ஒரு கதவின் கைப்பிடி. அவள் கேமராவின் வாரை என் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

“நீயே வச்சிக்கோ. எனக்கு இனிமே பாரம்.”

அப்புறம் நாங்கள் நடக்கவில்லை. அவளைப் பார்த்துக்கொள்ள நான் அவள் வீட்டிலேயே தங்கிவிட்டேன். டிசம்பர் ஆறாம் தேதி காலை, பால் காய்ச்சி எடுத்துக்கொண்டு அறைக்குள் போனபோது அவள் போயிருந்தாள்.

பிளாமென் அன்று மாலையே வந்துவிட்டான். நல்ல பிள்ளை. என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். கொஞ்ச நேரம் கழித்து, “மாமா, அம்மாவோட நல்ல படம் ஒண்ணு வேணும். நீங்க ரெண்டு பேரும் எப்பவும் கேமராவும் கையுமாத்தானே திரிவீங்க? உங்ககிட்ட நிறைய இருக்குமே,” என்றான்.

என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் முன்னால் தலைகுனிந்திருக்கிறேன். அந்தப் பிள்ளையின் முன்னால் குனிந்த மாதிரி குனிந்ததில்லை.

“இல்லப்பா.”

“ஒண்ணுகூடவா?”

“ஒண்ணுகூட இல்ல.”

அவன் நம்பாமல் பார்த்தான். பிறகு போனைத் தடவி, போன வருடம் கல்லறைக்கு வந்தபோது கல்லிலிருந்தே எடுத்து வைத்திருந்த படத்தைத் தேடிப் பிடித்தான். மறுநாள் காலை குடியிருப்பின் வாசலில், பஸ் நிறுத்தத்தில், எங்கள் பூங்காவின் மின்கம்பங்களில் எல்லாம் யோன்கா வீங்கிய கண்ணோடு அழுதுகொண்டிருந்தாள். பீங்கானில் அடித்த வெயில்கூட நெற்றியில் வெள்ளைப் பொட்டாக விழுந்திருந்தது. கீழே மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் பெயர். என் பெயர் இல்லை. என்னவென்று போடுவார்கள்? அவளை மெத்தோதிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். கல்லில் அந்தக் கோட்டுக்குப் பிறகு காலியாக இருந்த இடத்தில் வருடத்தைச் செதுக்கினார்கள்.

கேமராவில் இருந்த எல்லாவற்றையும் பார்த்தேன். எத்தனையோ நாட்கள் உட்கார்ந்து பார்த்தேன். இலைகள், கைப்பிடிகள், படகுகள், பூனைகள், நான். கொறிக்கிற நான், முறைக்கிற நான், அவசரப்படுத்துகிற நான். அவள் ஒன்றில்கூட இல்லை. எட்டு வருடம் ஒரு பெண்ணோடு நடந்திருக்கிறேன். அவள் முகத்துக்கு என்னிடம் சாட்சி இல்லை.

நாற்பதாம் நாளுக்கு யார் வேண்டுமானாலும் தாள் அடித்து ஒட்டலாம். ஜனவரி நடுவில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ரங்கேலின் கடைக்குப் போனேன். யோன்கா தன் படங்களைப் பிரதி போட்டது அங்கேதான். ஊருக்கு அஞ்சலித் தாள் அடிப்பதும் அங்கேதான். எழுதி வைத்திருந்த நாலு வரியை நீட்டினேன்.

ரங்கேல் படித்துவிட்டு, “படம், அண்ணே?” என்றான்.

“படம் இல்ல. எழுத்து மட்டும் போடு.”

“மூஞ்சி இல்லாத தாளா? யாரும் நின்னு பார்க்க மாட்டாங்களே. மகன் குடுத்ததையே போட்டுருவோமா?”

“அது வேண்டாம்.”

அவன் தலையைச் சொறிந்தான். என்னைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். பிறகு மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்து ஒரு பழுப்பு உறையை எடுத்தான்.

“அக்டோபர்ல யோன்கா அக்கா வந்து ஒரு படம் போட்டு வாங்கிட்டு, கேமராவுல இருந்து அதை அழிச்சிட்டு, இங்கேயே குடுத்து வச்சிட்டுப் போனாங்க. உங்ககிட்ட காட்டக் கூடாதுன்னு சொன்னாங்க. ஆனா இப்ப நீங்க இப்படி வந்து நிக்கிறதைப் பார்த்தா…”

எனக்கு உயிர் வந்துவிட்டது. அவளே போய்த் தன் படத்தை எடுத்து வைத்திருக்கிறாள்! என்னை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை, கெட்டிக்காரி! உறையைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பிரித்தேன்.

உள்ளே இருந்தது நான்.

படகுத்துறை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். வாய் நிறையச் சிரிக்கிறேன். உதட்டோரம் ஒரு சூரியகாந்தித் தோல் ஒட்டியிருக்கிறது. இவ்வளவு நல்ல முகம் எனக்கு இருந்தது என்று எனக்கே தெரியாது.

“உங்களுக்குன்னு ஒரு நாள் வர்றப்ப இதைத்தான் போடணுமாம்,” என்றான் ரங்கேல் மெதுவாக. “கல்லுல இருக்கிறதை யாராவது கொண்டு வந்தா வாங்கவே கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க.”

திருப்பிப் பார்த்தேன். பின்னால் பென்சிலில், அவளுடைய சாய்ந்த கையெழுத்தில், ‘லோசான் - ஆறு’ என்று எழுதியிருந்தது.

மறுபடி முன்பக்கம் திருப்பினேன். அப்போதுதான் என் தலைக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்தேன். வால்நட் மரம், அடியிலிருந்து நுனி வரை, ஒரு பச்சை இலைகூட இல்லாமல் மஞ்சளாக நின்றது.